யாராவது விழித்திருக்க வேண்டும்

1

போன மாதம் ஒரு சர்க்கார் ஆபீசின் மரப்பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டரை மணி நேரம் தூங்கினேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். சர்க்கார் ஆபீசுக்குப் போய்த் தூங்கி வழியாமல் திரும்பியவன் யார் என்றும் கேட்கலாம். ஆனால் நான் ஆறு வருஷமாகச் சரியாகத் தூங்காதவன். மெத்தை, தலையணை, கொசுவலை எல்லாம் இருந்தும் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடப்பவன். அப்படிப்பட்டவனுக்கு, முதுகு சாய இடமில்லாத பெஞ்சில், நாற்பது ஐம்பது பேர் கூட்டத்துக்கு நடுவே, பட்டப்பகலில் தூக்கம் வந்தது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று நம் பக்கத்தில் சொல்வதை அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

நான் மலாயாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சின்ன ரயில் ஸ்டேஷனில் சிக்னல் கேபினில் வேலை. சொந்த ஊர் தளிக்கு அப்பால், காட்டோரத்து ஜவளகிரி. மனைவி ரத்னம்மா சூளகிரிக்காரி. ஒரே மகள் சாந்தாவுக்குப் பத்து வயது; இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று அறிவித்தார்கள். அதற்காகத்தான் அந்த ஆபீசுக்குப் போனேன். படிவத்தில் தமிழ் இருக்காது என்பதால் சாந்தாவையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து அழைத்துப் போனேன்.

வாசலில் ஓர் அட்டைத் துண்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் இளைஞர் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “தீகா பூலோ” என்பார், அது முப்பது. கொஞ்ச நேரம் கழித்து “தீகா பூலோ சாத்து” என்பார், அது முப்பத்தொன்று. குரலில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரே சுருதி. முப்பத்துநான்கு வரைக்கும் கேட்டது நினைவிருக்கிறது.

அப்புறம் சாந்தா என் தோளை உலுக்கியதுதான். கூடம் பாதி காலியாகிவிட்டிருந்தது. என் எண்ணை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். நான் அசையவில்லை. பக்கத்தில் இருந்த இவளாவது எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்.

“நீங்க குறட்டை விட்டீங்கப்பா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டேன்.”

நாற்பத்தைந்து, ஐம்பது என்று எண் தாண்டிப் போவதைப் பார்த்ததும் அவளுக்கே பயம் வந்து, தானே மேசைக்குப் போய், தன் மலாயிலும் இங்கிலீஷிலும் பேசி, படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டாள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பிறந்த ஊர் என்ற இடத்தில் பெங்களூர் என்று எழுதியிருந்தது. ஜவளகிரி என்று சொன்னால் அவருக்கும் புரியவில்லை, எழுத இவளுக்கும் தெரியவில்லை, பெங்களூர் என்றால் எல்லாருக்கும் தெரியும் என்றாள். பெங்களூரை நான் வாழ்நாளில் இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு தடவை மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில். பெற்ற மகளே என்னை வேறு ராஜ்யத்தில் பிறக்க வைத்துவிட்டாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அப்படித் தூங்கி எழுந்தவனுக்குச் சண்டை போட மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

2

இந்தத் தூக்கம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு ரயில்வே டாக்டர் எனக்கு ஒரு மாதக் கெடு வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு காலை, ஏழு மணி இருக்கும், கேபினில் நெம்புகோலைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்து ஸ்டேஷனுக்கு, வண்டியை அனுப்பலாம் என்று லைன் கிளியர் கொடுத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. ஒரு கூட்ஸ் வண்டி வெளி சிக்னலில் நின்றுகொண்டு பத்து நிமிஷம் ஊதியது. ஒரு விபத்தும் இல்லை, வண்டி தாமதமானதோடு சரி. ஆனால் சிக்னல்காரன் மறந்து நின்றான் என்பதை எந்த ரயில்வேயும் சும்மா விடாது, விடவும் கூடாது.

டாக்டர் ஒரு வயதான சீனர். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார். கோழித் தூக்கமாக இரண்டு மணி நேரம் இருக்கும் என்றேன். ஒரு மாதம் லீவு எழுதினார். அதற்குள் தூக்கம் திரும்பினால் கேபின், இல்லாவிட்டால் வேறு ஊரில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை பார்க்கும் வேலை. கேபின் போனால் குவார்ட்டர்சும் போகும், சாந்தாவின் பள்ளிக்கூடமும் போகும். தூங்கு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று ஒருவனிடம் சொன்னால் அவனுக்கு எப்படித் தூக்கம் வரும் என்பதை அந்த டாக்டர் யோசிக்கவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் யோசிக்கவில்லை.

3

எனக்குத் தூக்கம் இல்லை என்ற செய்தி லைன் நெடுகப் பரவியது. அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளுக்கு ஒரு வைத்தியம்.

ஸ்டேஷன் ஹெட் கிளார்க் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். ஆட்டுப்பாலில் பூண்டைப் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். தூக்கம் வரவில்லை, ஏப்பம் வந்தது. மூலைக்கடைச் சீனர் ஏதோ காய்ந்த பூவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாசனை நன்றாக இருந்தது. ரயில்வே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காதர் நம் கிருஷ்ணகிரிக்காரர், அவர் அப்பாவுக்கு அங்கே மாங்காய் மண்டி. அவர் டாக்டர் எழுதிய வெள்ளை மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். விழுங்கினால் கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டது போல இருந்தது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் மகள் பெயரே நாக்கில் வரவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரத்னம்மா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினாள், கசகசாவை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தாள். ராத்திரி அரிசிச் சோறு சாப்பிடுவதால்தான் இந்தக் கேடு, ராகிக் களி தின்றவன் எவனாவது புரண்டு படுத்திருக்கிறானா என்று ஈப்போவிலிருந்து ராகி மாவு வரவழைத்தாள். கப்பலில் வந்த மாவு, புழுங்கிய வாடை. கட்டி கட்டியாகக் களி கிண்டி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் குழம்பும் வைத்தாள். ஆவலாகச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது, கண் மூடவில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். மீதி மூன்று திசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று இரும்புக் கட்டிலை வாரம் ஒரு பக்கம் திருப்பினேன். மூன்றாவது திசையில் ரத்னம்மா இருட்டில் கால் விரலை இடித்துக்கொண்டதும் அந்த ஆராய்ச்சி நின்றது.

வைத்தியம் சொன்ன எல்லாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரல். சத்தம் கூடாது. தூங்குகிற அறை நிசப்தமாக இருக்க வேண்டும். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சுவர்க் கடிகாரத்தைச் சமையலறைக்கு மாற்றினேன். தோட்டத்துத் தகரக் கூரையில் கிளை உரசும் என்று மரத்தை வெட்டினேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். சாந்தா படுத்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பாள், அதையும் நிறுத்தினேன். வீடு நாளுக்கு நாள் அமைதியானது. என் தூக்கம் நாளுக்கு நாள் குறைந்தது. இன்னும் எங்கோ சத்தம் இருக்கிறது, அதையும் கண்டுபிடித்து அடக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் படு என்று டாக்டர் சொல்லித்தான் பார்த்தார். பகலில் பாய் விரித்தால் மூதேவி வந்து பக்கத்தில் படுப்பாள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். லீவு நாட்களில்கூட ஒரு நாளும் பகலில் தலை சாய்த்ததில்லை.

4

ஆபீசிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் சாந்தா என்னைக் கேலி செய்துகொண்டே வந்தாள். அந்த மலாய் இளைஞரின் குரலில் “எம்பாட் பூலோ சாத்து” என்றாள். நாற்பத்தொன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது என் கண் செருகியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடம்பு ஞாபகம் வைத்திருந்ததை மண்டை மறந்து போயிருக்கிறது.

ஜவளகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கார்த்திகையில் ராகி கதிர் முற்றும்போது காட்டிலிருந்து யானை இறங்கும். ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு நிலத்திலும் மரத்தின் மேல் பரண் கட்டி, இரண்டிரண்டு பேராகக் காவல். ஒருவர் விழித்திருக்க, ஒருவர் தூங்குவார். விழித்திருப்பவர் சும்மா விழித்திருக்கக் கூடாது, குரல் கொடுக்க வேண்டும். கிழக்குக் கோடிப் பரணில் ஒருவர் “ஹோ...ஓய்” என்பார். அடுத்த பரண், அதற்கடுத்த பரண் என்று அது மேற்குக் கோடி வரை போகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிழக்கிலிருந்து தொடங்கும். எங்கேயாவது ஒரு பரணில் குரல் வரவில்லை என்றால் அங்கே கோளாறு என்று அர்த்தம். அத்தனை பேரும் எழுந்து தகர டின்னைத் தட்டுவார்கள்.

எங்கள் அப்பாவுக்குக் கால் சரியில்லாததால் எங்கள் பரணில் நானும் என் அக்கா திம்மக்காவும். பாதி ராத்திரி அவள் முறை, பாதி என் முறை. அவள் குரல் கொடுக்கும்போது நான் தூங்குவேன். காதுக்குப் பக்கத்திலேயே கத்துவாள், எனக்கு அது உறைக்காது. அவள் இருமி ஒரு தடவை குரல் தப்பினால் போதும், டின்னைத் தேடிக்கொண்டு எழுந்து உட்காருவேன். இனிமையான காலம் என்று சொல்ல வரவில்லை. குளிர் எலும்பைக் கடிக்கும், பரண் மூங்கிலில் மூட்டைப்பூச்சி, கீழே எதுவோ நடக்கிற பயம். எப்போது இதிலிருந்து தப்பிப்போம் என்றுதான் இருந்தேன். கப்பல் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊர் உலகத்தில் மற்றவர்கள் கூப்பிட்டால் எழுவார்கள். நாங்கள் கூப்பிடும் குரல் கேட்டால் தூங்குவோம், நின்றால் எழுவோம். அந்த ஆபீசில் என் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட நான் இன்னும் ஆழத்துக்குப் போனதில் அதிசயம் இல்லை.

அப்போதுதான் மற்றதும் புரிந்தது. இங்கே வந்த புதிதில் ரயில்வே கூலி லயத்தில் இருபது பேரோடு படுத்தேன். எப்போதும் ஒருவன் இருமுவான், ஒருவன் பீடி பற்றவைப்பான், ஒருவன் சீட்டாடுவான். செத்தவன் போலத் தூங்கினேன். ரத்னம்மா கைக்குழந்தையோடு வந்த பிறகும் லயத்தில்தான் ஓர் அறை. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது, பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் காதில் விழும். அங்கேயும் தூங்கினேன். ஆறு வருஷம் முன்பு கேபினுக்கு உயர்த்தி, நாலு பக்கமும் சுவர் வைத்த தனிக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சொந்தக் கதவு வந்தது, தூக்கம் போனது. நான் சத்தத்தை அடக்க அடக்க, என் உடம்பு ராத்திரி பூராவும் டின்னைத் தேடியிருக்கிறது.

5

ரத்னம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சூளகிரியில் அவள் பிறந்த வீடு ரோட்டு மேல் இருக்கிறது. மெட்ராஸ் லாரியும் பெங்களூர் லாரியும் வாசலில் முனகிக்கொண்டு போகும். அதிலேயே வளர்ந்தவளுக்குத் தலை சாய்ந்தால் தூக்கம் என்று நான் எப்போதும் கேலி பேசுவேன். யானைக்குப் பயந்து ரயில்வே குவார்ட்டர்சில் தூங்காதவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் பதிலுக்குப் பேசினாள். ஆனால் அன்று ராத்திரியே மணையைப் போட்டு வாசற்படி ஓரம் உட்கார்ந்துவிட்டாள். முறத்தில் புளியைக் கொட்டிக்கொண்டு கொட்டை எடுத்தாள். ஹோ ஓய் என்றெல்லாம் கத்த மாட்டேன், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றாள். அவ்வப்போது “இருக்கேன்” என்று மட்டும் சொன்னாள்.

அது போதுமாக இருந்தது. மூன்று ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது என்று கந்தையாவே சொன்னார். கெடு முடிய எட்டு நாள் இருந்தது. டாக்டரிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். விழித்திருப்பவள் எப்போது தூங்குகிறாள் என்ற கணக்கு மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. மனுஷன் தன் காரியம் ஆகும்போது எவ்வளவு மடையனாகிறான் என்பதற்கு நானே சாட்சி.

நாலாம் நாள் காலை அவள் சோறு வடிக்கும்போது கண் அயர்ந்து பானை சாய்ந்தது. கஞ்சி இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. காதர் வந்து மருந்து போட்டுக் கட்டினார். அவர் போன பிறகு நான் ரத்னம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். கேபினும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை பார்க்கிறேன், இனி நீ ஒரு ராத்திரியும் உட்கார வேண்டாம், பழையபடி படுத்துத் தூங்கு என்றேன். அவள் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒக்காந்து முழிச்சா என்னா, படுத்து முழிச்சா என்னா? ஆறு வருசமா நீங்க பொரளுற சத்தத்துல நானு எந்த ராவு தூங்குனேன்? கண்ண மூடிக்கினு கெடந்தேன். நானும் முழிச்சிருக்கறது தெரிஞ்சா பாவம், உங்களுக்கு இன்னும் வெசனமா இருக்கும்னு.”

இரண்டு பேர் ஒரே கட்டிலில் ஆறு வருஷம் விழித்துக் கிடந்திருக்கிறோம். அவள் தூங்குகிறாள் என்று நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். எனக்காக அவள் தூங்குவது போலக் கிடந்தாள். அவள் விழித்திருக்கிறாள் என்று ஒரே ஒரு தடவை தெரிந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். நான் தூங்கியிருந்தால் அவளும் தூங்கியிருப்பாள். ஒருவருக்கொருவர் காட்டிய அன்பே இரண்டு பேர் தூக்கத்தையும் தின்றிருக்கிறது. அழுகை வந்தது. அழுதேன். அவள் கை வலிக்கிறது என்று சொல்லி என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள்.

6

நான் தூங்க யாராவது விழித்திருக்க வேண்டும். அவள் தூங்க நான் வீட்டில் புரளாமல் இருக்க வேண்டும். இதற்கு ஒரே வழிதான் உண்டு. உலகமே விழித்திருக்கும் பகலில் நான் தூங்குவது, ராத்திரி நான் வேலைக்குப் போய்விடுவது.

அதற்கும் நேரம் வாய்த்திருந்தது. கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்கப் போட்ட அவசரச் சட்டக் காலத்தில் எங்கள் பகுதியில் ராத்திரி வண்டி ஓடாது. கேபினைப் பொழுது சாய்ந்ததும் பூட்டிவிடுவோம். இப்போது மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. ராத்திரி டியூட்டிக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டி ஒரு மாதமாகியும் ஒருவரும் கேட்கவில்லை. மூதேவி விஷயம் மட்டும் மனதில் உறுத்தியது. ரத்னம்மா அதை ஒரே பேச்சில் முடித்தாள். ராவெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுப்பவனைப் பார்த்தால் மூதேவியே ஒதுங்கிப் போவாள் என்றாள்.

கந்தையா மனுவை இங்கிலீஷில் எழுதினார். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பரண், ராகி, அக்கா, ரத்னம்மாவின் மணிக்கட்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, யானை எண்டு எழுதேலாது. எழுதினால் உம்மை வேறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவினம்.”

குடும்பக் காரணம் என்று எழுதினார். அதைவிடச் சரியாக நானும் எழுதியிருக்க முடியாது.

தூக்கம் இல்லாதவன் ராத்திரி வேலை கேட்கிறானே என்று டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கந்தையா எடுத்துச் சொன்னதில் எவ்வளவு அவருக்குப் புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒரு வாரம் சோதனை என்றார். ராத்திரி கேபினில் என்னோடு இன்னொரு ஆள் நிற்பார். பகலில் தினமும் பன்னிரண்டு மணிக்கு டிரெஸ்ஸர் வீட்டுக்கு வந்து, நான் தூங்குகிறேனா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் முடிந்ததும் நோட்டைப் பார்த்து முடிவு.

நோட்டில் ஆறு நாள் ‘தூக்கம்’ என்று இருந்தது. இரண்டாம் நாள் காதர் என் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்ததாகவும், நான் திரும்பிப் படுத்ததாகவும் குறிப்பு வேறு. முதல் நாளுக்கு மட்டும் ‘விழித்திருந்தார்’ என்று எழுதியிருந்தது. டாக்டர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று அவராகவே சொல்லிக்கொண்டு முத்திரை குத்தினார். கேபின் எனக்கே என்று ஆனது. இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது.

அந்த முதல் நாள் நான் விழித்திருந்தது பகல் தூக்கம் பழகாததால் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

7

முதல் ராத்திரி டியூட்டி முடித்து ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவை சாந்தாதான் திறந்தாள். சீருடை போட்டு, தலையைத் தானே கோணல் மாணலாகப் பின்னிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“சத்தம் போடாதீங்கப்பா. அம்மா தூங்குது.”

ரொட்டிக்காரரிடம் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டதாகச் சொன்னாள். எனக்கும் இரண்டு துண்டு வைத்திருந்தாள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கி, தெருவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கூட்டத்தில் அப்பனைத் தெரியாதது போல எழுந்து போனவள்தான் இவளும்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ரத்னம்மா கட்டிலில் குறுக்காகக் கிடந்தாள். என் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் கண்ணை மூடிய முகம்தான், தூங்குகிற முகம் இல்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது பார்த்தால்தான் தெரிகிறது.

கூடத்தில் பாயை விரித்தேன். ராத்திரி முழுவதும் நின்ற கால், கண்ணில் மணல் போட்டது போல உறுத்தல். படுத்தேன். தூக்கம் வரவில்லை. வராது. வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை. அவளை ஒரு குரல் கூப்பிட்டால் போதும், எழுந்துவிடுவாள், அடுப்படியில் பாத்திரம் உருட்டுவாள், நான் நிம்மதியாகத் தூங்கலாம். பன்னிரண்டு மணிக்குக் காதர் வருவார். முதல் நாளே நோட்டில் தப்பாக விழுந்தால் டாக்டர் என்ன சொல்வாரோ. எட்டு மணி வரை பொறுத்தேன், ஒன்பது மணிக்கு அறை வாசல் வரை போனேன். கூப்பிடவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன். கரண்டி பாத்திரத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன். அரிசி வேகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

பன்னிரண்டுக்குக் காதர் வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி உதட்டில் விரலை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே கைகாட்டினேன், புரிந்துகொண்டார்.

“அப்ப நானு என்னா எழுதுறது?” என்று கிசுகிசுத்தார்.

“உள்ளத எழுதுங்க பாய்,” என்றேன்.

ஊர்க்காரர்தானே, தூக்கம் என்று போட்டுவிட்டுப் போகலாம். போடவில்லை. அவர் அப்படிப்பட்ட மனுஷர் இல்லை. நின்றபடியே ‘விழித்திருந்தார்’ என்று எழுதினார். பிறகு குனிந்து பூட்சைக் கழற்றி, இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து போனார்.

ஒரு மணிக்கு மேல் ரத்னம்மா எழுந்தாள். வெயிலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அடுப்பில் வடித்து வைத்த சோற்றைப் பார்த்தாள். பதறிப்போய்த் திட்டத் தொடங்கினாள். பிள்ளை பட்டினியாகவா போனாள், ஆம்பிளை அடுப்படியில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள், கையில் கட்டுப் போட்டவள் செத்தா போய்விட்டாள், காதர் வந்து பார்த்தாரா, என்ன எழுதினார், ஏன் என்னை எழுப்பவில்லை. பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் பாத்திரங்களை நகர்த்தினாள்.

எழுப்ப மனம் வரவில்லை என்று சொல்லத்தான் பாயில் உட்கார்ந்தேன். சொல்வதற்குள் தூங்கிப்போனேன்.